வெள்ளத்தில் நின்ற பைக் எப்படிக் காட்டிக்கொடுக்கும்?

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் பார்க்கப் போயிருந்தோம். தங்கை வீட்டுக்காரர் வேலைக்குப் போய்வர ஒரு 100 சிசி வண்டி தேவைப்பட்டது. ஆர்.சி. புக் சரி, இன்சூரன்ஸ் சரி, சிங்கிள் ஓனர், டேங்க் கண்ணாடி மாதிரி பளபளத்தது. கூட வந்த மெக்கானிக் அண்ணன் அந்தப் பளபளப்பைப் பார்க்கவே இல்லை. ஹெட்லைட் ஸ்க்ரூவைக் கழற்றி, கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் துழாவி வெளியே எடுத்தார். விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. “இது தூசி இல்ல தம்பி, வண்டல்” என்றார். ஹெட்லைட் வரை தண்ணீர் ஏறியிருந்தால் அதற்குக் கீழே இருக்கும் இன்ஜின் முழுக்க மூழ்கியிருக்கும்.

தூசி மேலேயிருந்து விழுவது. மேல்பக்கத்தில்தான் உட்காரும், ஊதினால் பறக்கும். வண்டல் தண்ணீரோடு கலந்து மூடிய இடத்துக்குள்ளும் நுழையும். தண்ணீர் வடியும்போது கோடு போட்டாற்போல ஒரே மட்டத்தில் படியும். காய்ந்ததும் கோடையில் வயல் வெடிப்பதுபோல மெல்லிசாக வெடிக்கும். வாட்டர் சர்வீஸில் வெளிப்பக்கம்தான் கழுவப்படும். சீட்டுக்கு அடியில், ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையில், ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்கு உள்ளே வண்டல் அப்படியே இருக்கும்.

தண்ணீர் இன்ஜினை என்ன செய்யும்? 100 சிசி வண்டியில் பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே இருக்கும் காற்றைப் பத்தில் ஒரு பங்காக அமுக்குகிறது. மேலே மிஞ்சும் இடம் சுமார் 11 மில்லி, ஒரு இருமல் மருந்து மூடி அளவுதான். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. தண்ணீர் தேங்கிய சாலையில் ஓட்டிப் போகும்போது ஏர் ஃபில்டர் வழியாக அந்த மூடியளவுக்கு மேல் தண்ணீர் உள்ளே போய்விட்டால், பிஸ்டன் பாதியிலேயே முட்டி நிற்கும். அந்த வேகம் முழுவதையும் பிஸ்டனைக் கீழிருந்து தள்ளும் கனெக்டிங் ராடு என்ற தண்டு தாங்க வேண்டும், அது வளையும். லேசாக வளைந்த ராடோடு வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் பிஸ்டன் சிலிண்டரின் ஒரு பக்கமாகத் தேய்த்துக்கொண்டே இருக்கும். அதனால் “தண்ணியில நின்னுச்சா?” என்று மட்டும் கேட்டால் போதாது. “தண்ணிக்குள்ள ஓட்டினீங்களா? வடிஞ்சதும் ஆயில் மாத்தாம ஸ்டார்ட் பண்ணீங்களா?” என்றும் கேளுங்கள்.

அடுத்து ஆயில். இன்ஜினுக்குள் ஆயிலும் தண்ணீரும் சேர்ந்து அடிபட்டால் பால் கலந்த டீ நிறம் வரும். இங்கே ஒரு எச்சரிக்கை, நல்ல வண்டியைத் தவறாக ஒதுக்கிவிடக் கூடாது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எரிந்து தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும்! பெரும்பகுதி ஆவியாக சைலன்சர் வழியே போய்விடும். வீட்டிலிருந்து கடைத்தெரு வரை மட்டுமே போய்வரும் வண்டியில் இன்ஜின் சரியாகச் சூடாகாது. அந்த ஆவி குளிர்ந்து ஆயில் மூடியின் அடியில் வெள்ளை நுரையாகப் படியும். சைலன்சரையும் உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். மூடியில் மட்டும் நுரை, ஆயில் அளவு பார்க்கும் குச்சியில் தேன் நிறம் என்றால் பயமில்லை. குச்சியிலேயே டீ நிறம் என்றால் விட்டுவிடுங்கள்.

கடலோர வண்டிக்கு வேறொரு கண் வேண்டும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். உப்போடு இருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. உப்புத் தண்ணீர் பட்ட இரும்பு காய்ந்துபோனதாகத் தெரிந்தாலும் அதன்மேல் ஒரு மெல்லிய ஈரம் இருந்துகொண்டே இருக்கும். அந்த ஈரத்தில் குளோரைடு துருவை விரைவுபடுத்தும். ஒயரிங் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்; உள்ளே பச்சைப் பூத்திருந்தால் செம்பு அரிக்கத் தொடங்கிவிட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. அந்தப் பக்கத்தில் அதற்கு முன்பு பதிவான வண்டி என்றால் அன்றிரவு அது எங்கே நின்றது என்று நான் கட்டாயம் கேட்பேன்.

இதையெல்லாம் நாமே தோண்ட வேண்டியிருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பிரிட்டனில் மூன்று வயது தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் சோதனை உண்டு. அன்றைய மீட்டர் அளவோடு அது பதிவாகும், வண்டி எண்ணைப் போட்டால் யாரும் பார்க்கலாம். நம் ஊரில் சொந்த உபயோக பைக்குக்குப் பதிவான நாளிலிருந்து 15 வருஷம் கழித்துத்தான் எஃப்.சி. என்ற தகுதிச் சோதனை. நடுவில் இருப்பது புகைச் சான்று மட்டும். அது செயினையும் பிரேக்கையும் பார்ப்பதில்லை.

ஆனாலும் காகிதத்தை ஒதுக்க முடியாது. அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு தேதி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ், வண்டி மேல் கடன் பதிவாகியிருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். ஹைப்போதிகேஷன், அதாவது அந்தக் கடன் பதிவு, இருந்தால் ஃபைனான்ஸில் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, படிவம் 35 கொடுத்து நீக்கிய பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும். வண்டியில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பரைக் கண்ணால் பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். அதில் 17 எழுத்தும் எண்ணும் இருக்கும்; ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் வராது.

பலர் கவனிக்காதது இன்சூரன்ஸ் பாலிசியில் வரும் நோ கிளைம் போனஸ். கிளைம் இல்லாத வருஷங்களுக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி அது; 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். கிளைம் வாங்கினால் பூஜ்யம். ஒரே ஓனர் விடாமல் ஃபுல் இன்சூரன்ஸ் கட்டிவந்த ஐந்து வயது வண்டியில் அது பூஜ்யம் என்றால், கிளைம் எதற்கு என்று கேட்கலாம். தேர்ட் பார்ட்டி மட்டும் போட்ட வண்டியில் இந்த வழி உதவாது.

மீட்டரைத் திருப்புவது எளிது, டயரைத் திருப்ப முடியாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. 2017 வண்டி, மீட்டரில் 9,000 கிலோமீட்டர், பின் டயர் 2022 என்றால் முதல் டயர் எப்படித் தேய்ந்தது? கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஓனரோடு போய்க் கேட்டால், ஒவ்வொரு சர்வீஸின்போதும் எழுதிய மீட்டர் அளவு கிடைக்கும்.

பார்க்கப் போகும் முன் போனில் சொல்லிவிடுங்கள்: “ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க.” சூடான இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். ஆறிய வண்டியை எடுத்ததும் கொஞ்ச நேரம் நீலப்புகை வந்து நின்றால் வால்வு சீல் தேய்ந்திருக்கும். முறுக்கும்போதெல்லாம் நீலம் வந்தால் பிஸ்டன் ரிங், அது பெரிய செலவு. மார்கழிக் காலையில் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவி, சற்று நேரத்தில் நிற்கும்.

பளபளத்த வண்டியை விட்டுவிட்டு, நீடாமங்கலத்தில் வேறொன்று வாங்கினோம். டேங்க் வெயிலில் வெளுத்திருந்தது, சைலன்சரின் அடியில் துருப்பிடித்துச் சிறு ஓட்டை. வாத்தியார் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஓட்டிய வண்டி. அண்ணன் ஆயில் குச்சியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெயிலில் பிடித்துக் காட்டினார். தேன் நிறம்.