அது சின்ன எலெக்ஷன் இல்லை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் எங்கள் உள்ளாட்சிப் பகுதியான ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியில் மீல்ஸ் டாக்ஸைப் பற்றி என்னிடம் புலம்பாத தமிழர் அனேகமாக இல்லை. 2026 ஜனவரி 1 முதல் உட்கார்ந்து தோசை சாப்பிட்டாலும், கட்டி வாங்கிக்கொண்டு போனாலும், பில்லில் 4 சதவீதம் கூடுதலாக வருகிறது. ஏற்கனவே இருந்த 6 சதவீத விற்பனை வரியோடு சேர்த்தால் 10. அந்த வரி சரியா தவறா என்பதில் நான் வாய் திறக்க மாட்டேன். வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருக்கிறவர் எந்தப் பக்கமும் பேசக் கூடாது. புலம்புகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: 2023 நவம்பரில் ஓட்டுப் போட்டீர்களா?

“அந்த வருஷம் எலெக்ஷனா?”

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கடைசியாகச் சொன்னவர் இருபது வருடமாக ஒரே வீட்டில் இருப்பவர், நன்றாகப் படித்தவர், நாலு பேருக்கு யோசனை சொல்கிறவர். அவரே இப்படி என்றால் எழுதித்தான் ஆக வேண்டும்.

வர்ஜீனியாவில் எல்லா வருடமும் தேர்தல் உண்டு. கவர்னர் தேர்தல் ஒற்றைப்படை வருடத்தில் வரும்: 2017, 2021, 2025. எங்கள் கவுன்டியை ஆளும் போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸுக்கும், அரசுப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் போர்டுக்கும் தேர்தல் வருவது அதற்கு நடுவில் உள்ள ஒற்றைப்படை வருடங்களில்: 2015, 2019, 2023, அடுத்தது 2027. இந்த இரண்டாவது வகையைத்தான் நம்மவர்கள் “சின்ன எலெக்ஷன்” என்கிறார்கள். “பெரிய எலெக்ஷனுக்குக் கண்டிப்பா வருவேன், சார்” என்று உறுதியும் கொடுப்பார்கள்.

எது பெரிய எலெக்ஷன்? கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன்.

உங்கள் வீட்டு வரி 100 டாலருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது வாஷிங்டன் இல்லை. கார் டாக்ஸ் 100 டாலர் மதிப்புக்கு 4.57 டாலர் என்று வைத்திருப்பதும் வாஷிங்டன் இல்லை. உங்கள் தெருமுனைக் காலி மனையில் டவுன்ஹவுஸ் வருமா, டேட்டா சென்டர் வருமா என்பதும் அங்கே முடிவாவதில்லை. எல்லாம் பத்துப் பேர் கொண்ட சூப்பர்வைசர் போர்டில்: ஒன்பது மாவட்டத்துக்கு ஒன்பது பேர், மொத்தக் கவுன்டிக்கும் ஒரு தலைவர். கவுன்டியின் பொதுநிதியில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குப் போகிறது. ஸ்கூல் போர்டுக்குத் தனியாக வரி போடும் அதிகாரம் கிடையாது, இந்தப் பத்துப் பேரிடம்தான் வாங்க வேண்டும். வெள்ளை மாளிகையில் யார் உட்கார்ந்தாலும் உங்கள் குழந்தையின் பள்ளி எல்லைக் கோடு அவர் கையில் இல்லை.

இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் 2019 நவம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று சூப்பர்வைசர் போர்டு, ஸ்கூல் போர்டு, மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகள், எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் தேர்தல். மாநிலம் முழுக்கப் பதிவு செய்த வாக்காளர்களில் வந்தவர்கள் சுமார் 42 சதவீதம். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்கூல் போர்டுதான் 2020 அக்டோபரில், அறிவியல் தொழில்நுட்பத்துக்குப் பேர்போன தாமஸ் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளியின் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு, டிசம்பரில் சேர்க்கை முறையையே மாற்றியது. அதற்கு முந்தைய ஆண்டில் சேர்ந்தவர்களில் சுமார் 73 சதவீதம் ஆசிய அமெரிக்கக் குழந்தைகள். புதிய முறையின் முதல் ஆண்டில் அது சுமார் 54. எவ்வளவு கூட்டம், எவ்வளவு கையெழுத்து இயக்கம், எத்தனை இரவு வாட்ஸ்அப்பில் சண்டை! வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 2024 பிப்ரவரியில் அவர்கள் அதை விசாரணைக்கு எடுக்கவே மறுத்துவிட்டார்கள். புதிய முறையை ஆதரித்த பெற்றோரும் நம்மவர்களில் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு. இரண்டு தரப்பிலும் என்னிடம் பேசியவர்களில் பெரும்பாலோர் 2019-ல் ஓட்டே போடவில்லை.

அதே 2019-ல் வந்த சட்டமன்றம்தான் 2020-ல் கவுன்டிகளின் மீல்ஸ் டாக்ஸ் விதியையும் மாற்றியது. அதற்கு முன்பு வாக்காளர்களிடம் கேட்டுத்தான் அந்த வரியைப் போட முடியும். 2016-ல் எங்கள் கவுன்டியில் கேட்டார்கள், வாக்காளர்கள் வேண்டாம் என்றார்கள். 2020 சட்டத்துக்குப் பிறகு கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2023-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டு 2025 மே மாதம் வரியை நிறைவேற்றியது. உங்கள் தோசை பில்லில் வரும் 4 சதவீதத்துக்குப் பின்னால் இரண்டு “சின்ன எலெக்ஷன்” இருக்கிறது.

இன்று பெயர் சொல்லப்படுகிறவர்களும் அந்தச் “சின்ன எலெக்ஷனில்” இருந்து வந்தவர்கள்தான். காங்கிரஸ் உறுப்பினர் சுஹாஸ் சுப்ரமணியம், 2025-ல் துணை கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கஸாலா ஹாஷ்மி, இருவரும் சட்டமன்றத்துக்குள் முதலில் நுழைந்தது அந்த 2019 நவம்பரில். சுஹாஸ் காங்கிரஸுக்குப் போனதால் காலியான மாநில செனட் இடத்துக்கு 2025 ஜனவரி 7 அன்று இடைத்தேர்தல் நடந்தது. முந்தின நாள்தான் பனிப்புயல். அந்தப் பனியில் யார் வந்தார்களோ அவர்கள் கண்ணன் ஸ்ரீனிவாசனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மாநிலம் முழுக்க எத்தனை சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று பார்த்தால் படிக்கட்டு போலத் தெளிவாக இருக்கும். ஜனாதிபதி தேர்தல்: 2016-ல் 72, 2020-ல் 75, 2024-ல் 70-ஐ ஒட்டி. கவர்னர் தேர்தல்: 2013-ல் 43, 2017-ல் 48-க்குக் கிட்ட, 2021-ல் 55. கவுன்டி தேர்தல் வருடம்: 2015-ல் வெறும் 29, 2019-ல் 42, 2023-ல் 40-ஐ ஒட்டி. எங்கள் கவுன்டியும் இதே போக்கில்தான் ஏறி இறங்குகிறது. 2015-ஐ விட இப்போது நிலைமை தேவலை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2020-ல் வந்து 2023-ல் வராத ஆட்கள் எங்கே போனார்கள்? வீட்டில்தான் இருந்தார்கள்.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு கவனம் தேவை. பதிவு செய்தவர்களில் எத்தனை சதவீதம் என்பதுதான் இந்தக் கணக்கு. வீடு மாற்றிப் போன பெயர்களும் பட்டியலில் கிடக்கும் என்பதால் உண்மை நிலை சற்றே மேலே இருக்கலாம். அதேபோல, மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து “யாருமே இல்லையே, ஈ ஓட்டுறீங்களா?” என்று கேட்பவர்களுக்கு: 2020 முதல் காரணம் எதுவும் சொல்லாமலே 45 நாள் முன்கூட்டி ஓட்டுப் போடலாம். நிறையப் பேர் போட்டுவிட்டுத்தான் இருக்கிறார்கள். சாவடி காலியாக இருப்பதைப் பார்த்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

“என் ஒரு ஓட்டால் என்ன ஆகப்போகிறது” என்பவர்களுக்கு நியூபோர்ட் நியூஸ் என்ற வர்ஜீனியா நகரத்தின் கதை. 2017-ல் அங்கே மாநிலப் பிரதிநிதிகள் சபையின் 94-வது தொகுதியில் மறுஎண்ணிக்கைக்குப் பிறகு ஒரு ஓட்டு வித்தியாசம். அப்புறம் சர்ச்சைக்குரிய ஒரே ஒரு சீட்டை நீதிபதிகள் செல்லும் என்று சேர்த்ததும் 11,608-க்கு 11,608. 2018 ஜனவரி 4 அன்று பழைய ஃபிலிம் டப்பாக்களில் இரண்டு பெயரையும் போட்டு, ஒரு கிண்ணத்திலிருந்து குலுக்கி எடுத்தார்கள். அந்தக் குலுக்கல்தான் பிரதிநிதிகள் சபையில் யார் கை ஓங்கும் என்பதைத் தீர்மானித்தது, 51-க்கு 49. அந்தத் தொகுதியில் அன்று வீட்டில் இருந்த யாராவது ஒருவர் வந்திருந்தால் கிண்ணமே தேவைப்பட்டிருக்காது.

வெளியே அதிகம் பேசப்படாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். எந்தெந்தத் தேர்தலில் போட்டீர்கள் என்பது பதிவில் இருக்கிறது, வேட்பாளர்கள் அந்தப் பட்டியலை வாங்கலாம். எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அதை வைத்துத்தான் பிரித்துக்கொள்கிறார்கள். இரண்டு உள்ளூர்த் தேர்தலில் வராதவர் வீட்டை, இருக்கிற நேரத்துக்குள் யார் தட்டப்போகிறார்கள்? “நம்ம ஆட்களை யாரும் வந்து கேட்பதே இல்லை” என்று நாம் வருத்தப்படுவதில் பாதிக்கு இதுதான் காரணம். வராததால் கேட்பதில்லை, கேட்காததால் வருவதில்லை.

அலுப்புக்கு நியாயம் இல்லாமலும் இல்லை. 2025-ல் மட்டும் ஜூனில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி, செப்டம்பர் 9-ல் காங்கிரஸ் இடைத்தேர்தல், நவம்பரில் பொதுத்தேர்தல் என்று எங்கள் கவுன்டியில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டோம். உள்ளூர்த் தேர்தல்களைப் பெரிய தேர்தலோடு சேர்த்தால் கூட்டம் கூடும் என்பது தெரிந்ததே. கலிஃபோர்னியா 2015-லேயே அதற்குச் சட்டம் போட்டது. வர்ஜீனியாவும் மே மாத நகரத் தேர்தல்களை நவம்பருக்கு மாற்றியிருக்கிறது. கவுன்டியை மாற்றவில்லை. மாற்றும் வரை, இருக்கிற நாளில் வாருங்கள்.

சரி, வருகிறவர்கள் செய்யும் சொதப்பல்கள்.

முதலில் முகவரி. 2025 நவம்பரில் மாலை ஆறே முக்காலுக்கு ஒரு தம்பதி ஓடி வந்தார்கள். 2020-ல் எங்கள் சாவடியில் போட்டவர்கள். 2022-ல் லவுடன் கவுன்டிக்குக் குடிபோயிருக்கிறார்கள், பதிவை மாற்றவில்லை. 2022 அக்டோபர் முதல், கடைசித் தேதி தாண்டினாலும் அன்றே பதிவு செய்து, பிறகு சரிபார்த்து எண்ணப்படும் புரொவிஷனல் பேலட்டில் போட முடியும். ஆனால் அது இப்போது குடியிருக்கும் இடத்துச் சாவடியில்தான். ஏழு மணிக்கு வரிசையில் நிற்பவர் எல்லோரும் போடலாம். அந்த நேரத்து ரூட் 28 போக்குவரத்தில் கால் மணி நேரத்தில் எந்த வரிசைக்குப் போய்ச் சேர்வது? அந்த அம்மா கண் கலங்கிவிட்டார். மாநிலத் தேர்தல் துறை இணையதளத்தில் முகவரியைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. வீடு மாற்றினால் மின்சாரக் கணக்கை மறக்காமல் மாற்றுகிறீர்கள் அல்லவா, அதே நாளில் இதையும் செய்யுங்கள்.

அடுத்தது பெயர். எங்கள் கணினியில் கடைசிப் பெயரை வைத்துத் தேடுவோம். நமக்கோ அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், இல்லை இனிஷியல் கடைசிப் பெயராக இருக்கும், சில பேருக்கு பாஸ்போர்ட்டில் முன்னும் பின்னும் மாறியிருக்கும். நீங்கள் “செந்தில்” என்கிறீர்கள், நான் ‘எஸ்’-ல் தேடுகிறேன், நீங்கள் ‘கே’-யில் இருக்கிறீர்கள். பின்னால் நிற்பவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஓட்டுநர் உரிமத்தை எடுத்து முன்னால் வையுங்கள், வேலை முடிந்தது. படம் போட்ட அட்டை கட்டாயம் என்ற விதி 2020-லேயே போய்விட்டது. அட்டை இல்லை என்பதற்காகத் திரும்பிப் போகாதீர்கள், அலுவலரிடம் கேளுங்கள்.

குடியுரிமை இல்லாதவர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். எச்-1பி வேலை விசா, கிரீன் கார்டு, எதுவாக இருந்தாலும் வர்ஜீனியாவில் ஓட்டுப் போடவும் கூடாது, பதிவு செய்யவும் கூடாது. ஓட்டுநர் உரிமம் தரும் அலுவலகமான டிஎம்வியில் உரிமம் புதுப்பிக்கும்போது திரையில் வரும் கேள்விகளை அவசரமாக அமுக்கிக்கொண்டே போகாதீர்கள். குடியுரிமைக்கான என்-400 படிவத்தில் எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்திருக்கிறீர்களா என்று நேரடியாகக் கேட்பார்கள். வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கப்போவதை ஒரு தவறான ‘ஆம்’ ஆபத்தில் தள்ளிவிடும். தெரியாமல் பதிவாகியிருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் உடனே போங்கள், மறைக்காதீர்கள்.

நீதிமன்றத்தில் ஜூரி வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று பயந்து பதிவு செய்யாதவர்களே, ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் ஜூரிக்குப் பெயர் எடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. காரை விற்றுவிடப் போகிறீர்களா?

கடைசியாக நம் வீட்டுப் பெரியவர்கள். இதைச் சொல்லும்போது திட்ட மனம் வரவில்லை, கெஞ்சத்தான் தோன்றுகிறது. போன நவம்பரில் ஒரு தம்பி ஓட்டுப் போட்டுவிட்டு, ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மா வரவில்லையா என்றேன். “கார்ல உக்காந்திருக்காங்க. முட்டி வலி. இங்கிலீஷும் வராது. 2028-க்குக் கூட்டிட்டு வரேன் சார்.” அந்த அம்மா கேள்விகளை மனப்பாடம் செய்து, நேர்காணல் கொடுத்து, கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்துக் குடிமகள் ஆனவர். பள்ளி வாகன நிறுத்தத்தில் முப்பதடி தூரத்தில் இருக்கிறார்.

65 வயது தாண்டியவர்களும் உடல் இயலாதவர்களும் காரை விட்டு இறங்கவே வேண்டாம். கர்ப்சைடு ஓட்டு என்று கேட்டால் வாக்குச்சீட்டை நாங்களே காருக்குக் கொண்டு வருவோம். எங்கள் கவுன்டியில் ஸ்பானிஷும் வியட்நாமிய மொழியும் சட்டப்படி உண்டு, தமிழ் கிடையாது. ஆனால் படிக்க, எழுத உதவி தேவைப்படுபவர் தனக்குப் பிடித்த ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். முதலாளியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ ஆகக் கூடாது, அவ்வளவுதான். மகன், மருமகள், பக்கத்து வீட்டு அக்கா, யாரும் சரி. ஒரு படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். உதவுகிறவர் வாசித்துக் காட்டுங்கள், தமிழில் சொல்லுங்கள், அவர் காட்டும் வட்டத்தை நிரப்புங்கள். “அம்மாவுக்கு என்ன தெரியும்” என்று நீங்களாக நிரப்பினால் அது குற்றம்.

நான் போய்ச் சொன்னதும் அந்த அம்மா கேட்டார்: “ஸ்கூலுக்கு நிக்கிறவங்க பேரு இதுல எங்கப்பா இருக்கு? பேத்தி இங்கதான் படிக்குது.” 2025 சீட்டில் அந்தப் பெயர்கள் இல்லை, 2027-ல் வரும் என்று மகன்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அது 2027 நவம்பர் 2, செவ்வாய்க்கிழமை. முன்கூட்டிப் போடுவது செப்டம்பர் பிற்பாதியிலேயே தொடங்கிவிடும், அக்டோபர் 5-ம் தேதி கார் டாக்ஸ் கட்டுவதற்கு முன்பே. அந்த பில்லைக் கையில் எடுக்கும் அன்றைக்கே அம்மாவையும் அப்பாவையும் காரில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.