கரியில் ஒட்டிய ஆக்சிஜனைக் கண்டுபிடிப்பது எப்படி?

கொட்டாங்குச்சியிலிருந்து செய்த, நுண்துளைகள் நிறைந்த கிளர்வூட்டிய கரியைத் தண்ணீர் வடிகட்டிகளில் பார்த்திருப்பீர்கள். அதை நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சி, கழுவி, உலர்த்தினால் கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. அதே கறுப்புப் பொடிதான். ஆனால் தண்ணீரில் முன்பைவிட எளிதாக நனையும். ஈயம், தாமிரம் போன்ற உலோக அயனிகளைக் கூடுதலாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரியின் விளிம்புகளில் ஆக்சிஜன் வந்து ஒட்டியதுதான் காரணம். அது எந்த உருவில் ஒட்டியிருக்கிறது என்று அறிய அகச்சிவப்பு நிறமாலை உதவுகிறது. ஒரு பொருள் எந்தெந்த அகச்சிவப்பு ஒளியை விழுங்குகிறது என்று காட்டும் வரைபடம் அது.

இரண்டு அணுக்களுக்கு நடுவில் உள்ள பிணைப்பை ஒரு ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் ஒரு துடிப்பு உண்டு. அந்தத் துடிப்புக்கு ஒத்துவரும் அகச்சிவப்பை மட்டும் அது விழுங்கும். ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலைகள் என்பதுதான் இங்கே கணக்கு. ஒளி விழுங்கப்பட்ட இடத்தில் வரைபடத்தில் ஓர் உச்சி எழும். 1720 பக்கம் உச்சி தெரிந்தால் கார்பாக்சிலிக் அமிலம். 1750 பக்கம் என்றால் லாக்டோன். 3400 பக்கம் அகலமான மேடு தெரிந்தால் ஹைட்ராக்சில். மூன்றும் ஆக்சிஜன் கரியில் ஒட்டியிருக்கும் வெவ்வேறு உருவங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 1600 பக்கத்து உச்சிதான். அது கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையிலான பிணைப்பு. இரண்டு பக்கமும் ஒரே அணு என்பதால் துடிக்கும்போது மின்னூட்டம் அவ்வளவாக இடம் மாறாது; அதனால் சுத்தமான கரியில் இந்த உச்சி மங்கலாகவே இருக்கும். பக்கத்தில் ஆக்சிஜன் வந்து உட்கார்ந்ததும் சமநிலை குலைந்து, அதே உச்சி ஓங்கி எழும். ஆக்சிஜன் வந்த சேதியைக் கார்பனே சொல்லிவிடுகிறது!

சரி, இதில் சிக்கல் எங்கே? கரி கறுப்பு. அகச்சிவப்பையும் கிட்டத்தட்ட முழுதாக விழுங்கிவிடும். அதனால் ஒரு மில்லிகிராம் கரிக்குச் சில நூறு மில்லிகிராம் பொட்டாசியம் புரோமைடு என்ற, அகச்சிவப்பை ஊடுருவ விடும் உப்பைச் சேர்த்து, அகேட் என்ற கடினமான கல்லால் ஆன கல்வத்தில் மாவு போல அரைத்து, அழுத்தி வில்லையாக்குவார்கள். வில்லை வெளிர் சாம்பல் நிறத்தில் வந்தால் நல்லது. கருத்துப்போனால் ஒளி ஊடுருவாது. அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை வேறு இழுத்துக்கொள்ளும். தண்ணீர் 1640 பக்கமும் 3400 பக்கமும் தலைகாட்டும். அதை ஆக்சிஜனேற்றம் என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது.

அப்புறம், 1720 உச்சி உண்மையிலேயே அமிலத்துடையதுதானா? கரியைக் காரத்தில் கழுவிப் பார்க்க வேண்டும். அமிலம் உப்பாக மாறியதும் 1720 சரிந்து 1570 பக்கம் புது உச்சி கிளம்பும். மறுபடி அமிலத்தில் கழுவினால் 1720 திரும்பி வந்துவிடும்.