போர் முடிந்தபின்னும் தூக்கம் ஏன் திரும்புவதில்லை?

வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான், 1980-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் பிடிஎஸ்டி என்கிற பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் இடம்பிடித்தது. கையேட்டின் இன்றைய பதிப்பில் இந்நோய்க்கு 20 அறிகுறிகள் உண்டு. அவற்றில் இரண்டு தூக்கத்தைப் பற்றியவை: நடந்த கொடுமையை ஒட்டிவரும் கெட்ட கனவுகள் ஒன்று, தூக்கம் பிடிக்காமலும் நிலைக்காமலும் போவது இன்னொன்று. வெறும் அறிகுறிகள்தானே, நோய் குணமானால் தூக்கம் தானாகச் சரியாகிவிடும் என்றே மருத்துவர்கள் நெடுங்காலம் நினைத்தார்கள். அப்படி விட்டுவைத்ததில் படைவீரர்கள் பல ஆண்டுகளை இழந்தார்கள்.

1989-இல் ரிச்சர்ட் ராஸும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரையில் தூக்கக் கோளாறுதான் பிடிஎஸ்டியின் முத்திரை அடையாளம் என்று எழுதினார்கள். வியட்நாம் வீரர்களைப் பற்றிய தேசிய ஆய்வின் தரவுகளை 1998-இல் மறுபடி அலசியபோது, பிடிஎஸ்டி உள்ள போர் வீரர்களில் 52 சதவீதம் பேர் அடிக்கடி கெட்ட கனவு காண்பது தெரிந்தது. போருக்குப் போயும் பிடிஎஸ்டி வராதவர்களிடம் அது 5 சதவீதம், போரையே காணாத பொதுமக்களிடம் 3 சதவீதம். 2004-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு இன்னும் முக்கியமானது. பேச்சு சிகிச்சையால் பிடிஎஸ்டியிலிருந்து தேறிய 27 பேரைப் பார்த்ததில், ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தூக்கமின்மை மட்டும் அப்படியே இருந்தது. நோய் போனது, தூக்கம் வரவில்லை.

2013-இல் இதன் மறுபக்கமும் வெளிப்பட்டது. 15,204 அமெரிக்கப் படையினரைப் போர்முனைக்கு அனுப்பும் முன்பும் திரும்பிய பின்பும் கேட்டுப் பார்த்தார்கள். போவதற்கு முன்பே தூக்கமின்மை இருந்தவர்களுக்குத் திரும்பிவந்த பிறகு புதிதாகப் பிடிஎஸ்டி வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. தூக்கக் கேடு நோயின் விளைவு மட்டுமல்ல, நோய்க்கு வழிவிடும் காரணங்களில் ஒன்றும்கூட.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு மூளைத்தண்டுக்குப் போக வேண்டும். லோகஸ் செருலியஸ் என்ற சிறிய நரம்பணுக் கூட்டம் அங்கே இருக்கிறது. ஆபத்து வந்தால் மூளை முழுக்க நார்அட்ரினலின் என்கிற உஷார்ப்படுத்தும் வேதிப்பொருளை இறைத்து, இதயத்தை விரைவுபடுத்தி, காதைக் கூர்மையாக்குவது இதன் வேலை. நாம் தூங்கத் தூங்க இதன் வேகம் குறையும். கண்கள் இமைக்குள் உருள, கனவுகள் அடர்த்தியாக வரும் ரெம் உறக்கத்தில் இது ஏறக்குறைய வாயடைத்துவிடும். உணர்ச்சி மிகுந்த நினைவுகளை மூளை மறுபடி எடுத்துப் பார்ப்பதும், "அந்தச் சத்தம் கேட்டாலும் இப்போது ஆபத்தில்லை" என்கிற புதிய பாடத்தைப் பதியவைப்பதும் இந்த அமைதியில்தான் நடக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அச்சம் தணிவதை, மூளையில் அச்சத்தைக் கிளப்பும் பகுதியான அமிக்டலாவுக்குக் கற்றுக்கொடுக்கும் பாடம் அது.

பிடிஎஸ்டி உள்ள படைவீரர்களின் தண்டுவட நீரை 2001-இல் சோதித்தபோது, நார்அட்ரினலின் அளவு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. அது தணியாத இரவில் ரெம் உறக்கம் துண்டு துண்டாக உடைகிறது. வீரர் கனவின் நடுவிலேயே வியர்த்துப்போய் எழுந்து உட்காருகிறார். பாடம் பதியாததால் மறுநாள் அதே அச்சம் முழு வலுவோடு நிற்கிறது. அச்சத்தோடு படுப்பவருக்குத் தூக்கம் இன்னும் லேசாகிறது. சுழல் இப்படித்தான் பூட்டிக்கொள்கிறது.

ஆனால் 10, 20 ஆண்டுகளாகத் தூங்காதவரிடம் உயிரியல் மட்டுமே வேலை செய்வதில்லை. ஸ்பீல்மன் என்ற ஆய்வாளர் தூக்கமின்மையின் காரணங்களை மூன்றாகப் பிரித்தார்: முன்பே இருக்கும் நாட்டம், தொடங்கிவைக்கும் நிகழ்வு, தொடரவைக்கும் பழக்கங்கள். மூன்றாவதில் படைவீரர்களுக்கென்றே ஒரு தொகுதி உண்டு. இரவில் மூன்று நான்கு முறை கதவையும் ஜன்னலையும் சுற்றிப் பார்ப்பது, படுக்கையை விட்டுவிட்டு, முதுகுக்குச் சுவர் இருக்கும் சோபாவில் டிவி ஓட ஓடப் படுப்பது, தலைமாட்டில் துப்பாக்கி, கனவு வரும் என்று பயந்து வேண்டுமென்றே விழித்திருப்பது. இத்துடன் போர்முனையில் பழகிய காஃபீன். 2010-இல் ஆப்கானிஸ்தானில் எடுத்த கணக்கெடுப்பில் 100 பேரில் 45 பேர் தினமும் ஒரு எனர்ஜி டிரிங்க்காவது குடித்தார்கள், 14 பேர் மூன்றோ அதற்கு மேலோ. உடம்பில் காஃபீன் பாதியாகக் குறையவே 5 மணி நேரம் போல ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 11-க்கும் இரத்தத்தில் இருக்கும்.

மதுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது உதவுவது போலவே தோன்றும். குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், முன்னிரவில் ரெம் உறக்கம் அமுங்கும், கனவும் வராது. சாராயம் செரித்து இறங்கும் பின்னிரவில் அமுக்கிவைத்த ரெம் மொத்தமாகத் திரும்பி எழும், கனவுகள் முன்னைவிட உக்கிரமாக வரும். பென்சோடயாசெபின் வகைத் தூக்க மாத்திரைகளுக்கும் இங்கே இடமில்லை. அமெரிக்கப் படைவீரர் நலத்துறையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து வெளியிடும் சிகிச்சை வழிகாட்டி பிடிஎஸ்டிக்கு அவற்றைத் தர வேண்டாம் என்றே சொல்கிறது.

பழக்கங்களை உடைக்க இன்று கையில் இருக்கும் மிக உறுதியான கருவி, சிபிடி-ஐ எனப்படும் தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சை. ஆறு முதல் எட்டு அமர்வுகள். அதன் நடுநாயகம் படுக்கை நேரத்தைக் குறைப்பது. கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும், ஆனால் கணக்கு எளிது. ஒருவர் இரவு 10 மணிக்குப் படுத்துக் காலை 6-க்கு எழுகிறார், அதாவது 480 நிமிடம். ஒரு வாரம் நாட்குறிப்பு எழுதச் சொன்னால், உண்மையில் தூங்குவது சராசரியாக 312 நிமிடம். 312-ஐ 480-ஆல் வகுத்தால் தூக்கத் திறன் 65 சதவீதம். இவருக்கு இனிப் படுக்கை ஐந்தரை மணி நேரம்தான்: இரவு 12.30-க்குப் படுக்க வேண்டும், காலை 6-க்கு எழுந்தே தீர வேண்டும், ஞாயிற்றுக்கிழமையானாலும். பகல் தூக்கம் கூடாது. விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்கிற வேதிப்பொருள் சேர்ந்து தூக்க அழுத்தம் ஏறும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் 330 நிமிடத்தில் 295 நிமிடம் தூங்கியிருப்பார், திறன் 89 சதவீதம். 85-ஐத் தாண்டிவிட்டதால் படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவந்து 12.15 ஆக்கலாம். 80-க்குக் கீழே இருந்தால் 15 நிமிடம் குறைக்கலாம், ஆனால் ஐந்து, ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே ஒருபோதும் இறக்கக் கூடாது.

இன்னொரு விதி: தூக்கம் வராவிட்டால் கட்டிலிலேயே புரளாமல், 20 நிமிடம் போல ஆனதும் எழுந்து வேறு அறைக்குப் போக வேண்டும். கண் சொருகும்போதுதான் திரும்ப வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, 20 என்பது குத்துமதிப்புதான்.

படைவீரர்களிடம் இது கெடுவது இரண்டு இடங்களில். எழுந்து போனவர் கூடத்தில் உட்காராமல் வீட்டைச் சுற்றிக் காவல் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். அது மூளையை மறுபடி உஷார் நிலைக்கு ஏற்றும். அதனால் பூட்டுகளைப் பார்ப்பது படுக்கப்போகும் முன் ஒரே ஒரு முறை, குறித்த நேரத்தில் என்று முதலிலேயே பேசி முடிவெடுக்க வேண்டும். "கதவைப் பார்க்காதீர்கள்" என்று ஒரேயடியாகத் தடுத்தால் அவர் அடுத்த வாரம் வரவே மாட்டார். இரண்டாவது, நள்ளிரவு வரை தனியாக விழித்திருக்கும் நேரம். ஊர் அடங்கிய அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நினைவுகள் படையெடுக்கும். துணி மடிப்பது, மரவேலை, ஆடியோ புத்தகம் என்று கைக்கும் காதுக்கும் வேலை குறித்துக்கொடுக்காமல் அனுப்பக் கூடாது. தூக்கமின்மையோடு தற்கொலை எண்ணமும் சேர்ந்துவரக் கூடியது என்பதால், தலைமாட்டுத் துப்பாக்கியைப் பூட்டிய பெட்டிக்கு மாற்றுவதைத் தள்ளிப்போடவே கூடாது. வலிப்பு, இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கும் இரவில் கனரக வண்டி ஓட்டுபவர்களுக்கும் படுக்கை நேரக் குறைப்பு ஆபத்தாகலாம்.

பிடிஎஸ்டி உள்ள 45 பேரிடம் நடந்து 2014-இல் வெளிவந்த சோதனையில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 41 சதவீதம் பேருக்குத் தூக்கமின்மை முழுமையாக நீங்கியது. காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் ஒருவருக்கும் நீங்கவில்லை.

கெட்ட கனவுகளின் கதை இவ்வளவு நேராகப் போகவில்லை. சியாட்டிலில் உள்ள படைவீரர் மருத்துவமனையில் மரே ராஸ்கிண்ட், இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் பிரசோசின் என்ற பழைய மாத்திரையை எடுத்துக்கொண்டார். நார்அட்ரினலின் வந்து ஒட்டும் ஆல்ஃபா-1 ஏற்பிகளை அது அடைக்கும், மூளைக்குள்ளும் நுழையும். 2003-இல் 10 வியட்நாம் வீரர்களிடம் நல்ல பலன். 2013-இல் பணியிலிருந்த 67 படையினரிடமும் பலன். பிறகு 13 மருத்துவமனைகளில் 304 முன்னாள் வீரர்களோடு அவரே நடத்திய பெரிய சோதனை 2018-இல் வெளிவந்தது: மருந்தில்லாத வெறும் மாத்திரைக்கும் பிரசோசினுக்கும் வித்தியாசமில்லை. தன் வாழ்நாள் கருத்துக்கு எதிரான முடிவை ஒளிக்காமல் வெளியிட்டது பெரிய காரியம்.

ஏன் அப்படி ஆனது? உடல்நிலையும் மனநிலையும் நிலையற்றவர்கள் அந்தச் சோதனையில் சேர்க்கப்படவில்லை. மாத்திரை மிகவும் தேவைப்பட்டவர்கள் வெளியே நின்றிருக்கலாம். 2013 சோதனையின் தரவை மறுபடி பார்த்ததில், தொடக்கத்தில் இரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்திருந்தது. நார்அட்ரினலின் மிகுந்தவர்களுக்கு மட்டும் இது வேலை செய்கிறது என்ற விளக்கம் அதனோடு பொருந்துகிறது. முன்பு சொன்ன அமெரிக்கச் சிகிச்சை வழிகாட்டியின் 2023 பதிப்பு, கெட்ட கனவுகளுக்கு பிரசோசினை வலுவில்லாத பரிந்துரையாக மறுபடி ஏற்றுக்கொண்டிருக்கிறது. மருந்தைத் தொடங்குவது படுக்கும் நேரத்தில் 1 மில்லிகிராமில். முதல் வேளையிலேயே இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்கி விழுவதுண்டு, ஆகவே இரவில் எழுந்தால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். சில நாட்கள் விட்டுப்போனால் பழைய அளவிலிருந்து தொடரக் கூடாது. மருத்துவரைக் கேட்டு, மறுபடி 1 மில்லிகிராமிலிருந்தே ஏற வேண்டும்.

மருந்தில்லாத வழி, கனவை விழித்திருக்கும்போதே மாற்றி எழுதி, தினமும் 10 முதல் 20 நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்ப்பது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் 2001-இல் இது நன்றாகப் பலித்தது. 2010-இல் 124 வியட்நாம் வீரர்களிடம் செய்தபோது, ஒப்பீட்டுக்கு வைத்த சிகிச்சையைவிட மேலானதாகத் தெரியவில்லை. நடந்ததை அப்படியே திருப்பிக் காட்டும், பல பத்தாண்டுப் பழைய கனவுகளை மாற்றி எழுதுவது கடினம். தொடங்குவதானால் ஆகக் கொடிய கனவில் தொடங்கக் கூடாது.

இவை எதற்கும் முன்பே பார்த்துவிட வேண்டியது ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் தொண்டை மூடி மூச்சு நிற்பது. குண்டான, குறட்டை விடும் நடுவயதுக்காரருக்குத்தான் அது வரும் என்ற எண்ணத்தால் இளம் வீரர்களிடம் அதைத் தேடுவதே இல்லை. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குச் சென்று பிடிஎஸ்டி மருத்துவமனைக்கு வந்த 195 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்ததில் 69 சதவீதம் பேர் அதிக ஆபத்துப் பிரிவில் வந்தார்கள் என 2015-இல் தெரியவந்தது. ரெம் உறக்கத்தில் தசைகள் தளர்வதால் மூச்சடைப்பு அப்போதுதான் மோசமாகும், ஒவ்வோர் அடைப்பும் ஒரு நார்அட்ரினலின் வீச்சோடு ஆளை எழுப்பும். மணிக்கு 15 தடவைக்கு மேல் இப்படி நடந்தால் மிதமான நோய், 30-ஐ எட்டினால் கடுமையானது. மிசிசிப்பியில் நடந்த ஓர் ஆய்வில், காற்றழுத்த முகமூடியான சிபாப் கருவியைப் பயன்படுத்திய வீரர்களின் வாராந்தரக் கெட்ட கனவுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

ஆனால் முகத்தைக் கவ்வும் முகமூடியைப் பிடிஎஸ்டி உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் கைவிடுகிறார்கள். அடைபட்ட உணர்வே காரணம். முதலில் பகலில், உட்கார்ந்தபடி, பட்டையைப் போடாமல் கையால் மட்டும் முகத்தில் பிடித்துப் பழக வேண்டும். பிறகு பட்டை, அதன்பின் டிவி பார்க்கும்போது காற்று, அதற்கும் பிறகு படுக்கை. மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் சிறிய வகை பலருக்குச் சுலபம். பின்னிரவில் தன்னையறியாமல் பிடுங்கி எறிபவர் என்றால், கருவியின் பதிவில் அது நின்ற மணியைப் பாருங்கள்: காற்று கசிந்த நேரமா, அழுத்தம் ஏறிய நேரமா, கனவு வரும் நேரமா என்பதைப் பொறுத்து மாற்ற வேண்டியது முகமூடியா, அழுத்தமா, கனவுக்கான சிகிச்சையா என்று முடிவாகும்.