காளை ஏன் தயங்கியது?

காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரும் அவருடைய சித்தப்பா மகனும் சேர்ந்து எருது விடும் விழாவை வைத்து ஒரு கணினி கேம் செய்திருக்கிறார்கள். தெருவின் இரண்டு பக்கமும் தடுப்பு, நடுவில் காளை பாய்ந்து வருகிறது, கொம்பில் கட்டிய தட்டியை ஓடிப்போய்ப் பறிக்க வேண்டும். விண்டோஸில் நன்றாக ஓடுகிறது. புதிதாக வந்திருக்கும் ஓர் இயங்குதளத்தின் ஆப் ஸ்டோரிலும் போடலாமா என்று யோசிக்கிறார்கள். நண்பரின் கருவியில் அதே விண்டோஸ் கோப்பைப் போட்டுப் பார்த்தார்களாம். "ஓடியது சார். ஆனால் காளை கிளம்பும்போது முதல் தடவை மட்டும் ஒரு கணம் நின்றுவிடுகிறது. அடுத்த தடவை நிற்பதில்லை. இதை நம்பி அந்த ஸ்டோருக்குப் போகலாமா?"

அந்த இயங்குதளத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை. அது விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது என்பது போதும். அந்த ஒரு கணத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டால் ஸ்டோர் கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

முதலில் ஒரு சந்தேகம் வர வேண்டும். விண்டோஸுக்காகச் செய்த கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது? ப்ராசஸர் இரண்டிலும் ஒரே வகைதான். கூட்டு, கழி, இங்கே தாவு என்ற கட்டளைகள் அதற்குப் புரியும். அவை எந்த இயங்குதளத்திலிருந்து வந்தன என்ற கவலை அதற்கில்லை. சிக்கல் வேறிடத்தில். கேம் தனியாக எதையுமே செய்ய முடியாது. வட்டிலிருந்து படத்தை எடு, ஸ்பீக்கரில் மேளத்தை வாசி, திரையில் வரை என்று ஒவ்வொன்றுக்கும் இயங்குதளத்தைக் கேட்க வேண்டும். விண்டோஸில் ஒரு கோப்பைத் திறக்க 'கிரியேட்ஃபைல்' என்று கேட்க வேண்டும். லினக்ஸில் 'ஓப்பன்'. ஒருவருக்கு மற்றவரின் பேச்சு புரியாது.

எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. விண்டோஸ் கேம் கோப்புக்குள் ஒரு பட்டியல் உண்டு. இன்ன நூலகத்திலிருந்து, அதாவது இயங்குதளம் தரும் செயல்களின் இன்ன தொகுப்பிலிருந்து, இன்ன செயல் வேண்டும் என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு காலி இடம். கேமைத் தொடங்கியதும் இயங்குதளத்தின் ஏற்றி என்ற பகுதி அந்தப் பட்டியலைப் படித்து, அந்தச் செயல் நினைவகத்தில் எந்த முகவரியில் இருக்கிறது என்று காலி இடத்தில் எழுதிவைக்கும். அதற்குப்பின் கேம் அந்த முகவரிக்குத் தாவிப்போய் வேலையை முடித்துக்கொள்ளும். முகவரியில் இருப்பது யார் என்று அது விசாரிப்பதே இல்லை.

கல்யாணச் சமையல்காரர் கொடுக்கும் மளிகை லிஸ்டை நினைத்துக்கொள்ளுங்கள். இன்ன கடையில் புளி, இன்ன கடையில் மிளகாய் என்று கடைப் பெயரோடு எழுதிக் கொடுத்துவிட்டார். கல்யாணமோ தேன்கனிக்கோட்டையில். அங்கே அந்தக் கடைகள் கிடையாது. என்ன செய்யலாம்? சமையல்காரரின் பக்குவத்தைத் திருத்தப் போனால் சாம்பார் கெட்டுவிடும். அங்கே இருக்கும் கடைகளின் வாசலில் அதே பெயர்ப் பலகைகளை மாட்டிவிடலாம். கடைக்காரர் உள்ளே போய்த் தன் ஆளிடம் தெலுங்கிலோ கன்னடத்திலோ சொல்லிப் புளியை எடுத்து வருவார். சமையல்காரருக்குப் புளி வந்தால் சரி.

வைன் என்ற மென்பொருள் செய்வது இதைத்தான். 1993-இல் தொடங்கிய திட்டம். கேம் கேட்கும் அதே பெயர்களில் தன்னுடைய நூலகங்களை வைத்திருக்கும். காலி இடங்களில் தன் முகவரிகளை எழுதிவிடும். 'கிரியேட்ஃபைல்' என்று கேட்டால், உள்ளே போய் லினக்ஸிடம் 'ஓப்பன்' என்று சொல்லிக் கோப்பை வாங்கி வந்து தரும். கேமின் சொந்தக் கணக்குகளான காளையின் வேகமும் தட்டி ஆடும் கோணமும் எந்த இடைத்தரகரும் இல்லாமல் நேராக ப்ராசஸரில் ஓடும். வைன் என்ற பெயரின் விரிவே 'வைன் எமுலேட்டர் அல்ல' என்பதுதான். எமுலேட்டர் என்றால் ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்க்க வேண்டும். இங்கே பலகை மட்டும் மாறுகிறது.

சொல்ல எளிது. விண்டோஸின் பெயர்ப் பலகைகள் பல ஆயிரம். ஒவ்வொன்றும் ஆவணத்தில் எழுதியிருப்பது போலவே நடந்துகொள்ளும் என்றும் சொல்ல முடியாது. அதன் கோணல்களையும் நம்பிப் பழைய கேம்கள் எழுதப்பட்டிருக்கும். ஆகவே கோணலையும் அப்படியே நடிக்க வேண்டும். கோப்புப் பெயர் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினாலும் சின்ன எழுத்தில் எழுதினாலும் விண்டோஸுக்கு ஒரே கோப்பு. லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு. நான் ஒருமுறை ஒரு பள்ளிக்காகச் செய்த வினாடி வினா மென்பொருளை லினக்ஸுக்காக மாற்றியபோது, ஒரு பெரிய எழுத்தால் பாதிப் படங்கள் காணாமல் போயின. வைன் பொறுமையாகத் தேடி, எழுத்தளவு எப்படி இருந்தாலும் கோப்பைக் கண்டுபிடித்துத் தரும். இப்படி நுணுக்கி நுணுக்கி அதன் 1.0 பதிப்பு வர 15 ஆண்டுகள் ஆயின. 2008-இல்தான் வந்தது.

இந்த 15 ஆண்டு விஷயத்தில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. நம் பொறியியல் கல்லூரிகளில் இயங்குதளம் என்பது ஒரு பெரிய மதிப்பெண் கேள்வி. கட்டம் போட்டு, அம்பு போட்டு முடித்துவிடுகிறோம். கட்டத்தைத் திறந்து உள்ளே கைவைக்கும் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. பத்து ஆண்டு பலன் தராத வேலைக்குச் சம்பளம் தர இங்கே யாரும் தயாராக இல்லை. குளிரூட்டிய ஆய்வகத்துக்கும் திறப்புவிழாக் கல்வெட்டுக்கும் பணம் கிடைக்கிறது. நிரலைச் சில்லின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் எழுதும் நான்கு பேருக்கு ஐந்தாண்டுக்குக் கிடைப்பதில்லை.

சரி, காளைக்கு வருவோம். கோப்பும் ஒலியும் பலகை மாற்றினால் போதும். படம் அப்படியல்ல. 1920-க்கு 1080 திரையில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். நொடிக்கு 60 படம் என்றால் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு ஒவ்வொரு நொடியும் நிறம் சொல்ல வேண்டும். இதை ஜிபியு என்ற தனிச் சில்லு செய்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று கணக்கிடும் குட்டி நிரலுக்கு ஷேடர் என்று பெயர். காளையின் தோல் மினுமினுப்புக்கு ஒன்று, தெருப் புழுதிக்கு ஒன்று, கொம்பில் பூசிய வண்ணத்துக்கு ஒன்று என்று ஒரு கேமில் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

கேமைச் செய்தவர்களுக்கு வாங்குபவரின் ஜிபியு எதுவென்று தெரியாது. ஆகவே ஷேடரை அரைவேக்காட்டில் அனுப்புகிறார்கள். விண்டோஸ் கேம் என்றால் பெரும்பாலும் டைரக்ட்3டி என்ற முறைக்கான இடைவடிவத்தில் இருக்கும். வாங்கியவரின் கணினியில்தான் அது முழுமையாகச் சமைக்கப்பட்டு அந்தச் சில்லின் மொழிக்கு மாறுகிறது. லினக்ஸில் டைரக்ட்3டி கிடையாது. வல்கன் என்ற வேறு முறை. அதனால் ஒரு படி கூடுகிறது. டைரக்ட்3டி இடைவடிவம் முதலில் வல்கன் இடைவடிவமாகும். அதற்குப்பின் சில்லின் மொழியாகும். முதல் மாற்றத்தைச் செய்யும் டிஎக்ஸ்விகே என்ற மென்பொருளைத் தொடங்கியவர் பிலிப் ரெபோலே. நியர் ஆட்டோமேட்டா என்ற கேமை லினக்ஸில் ஆட வேண்டும் என்ற ஆசையில் ஆரம்பித்தது. வைனையும் இதையும் சேர்த்துக் கட்டி ஸ்டீம் என்ற கேம் ஸ்டோரை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்று வெளியிட்டது. 2022-இல் வந்த அதன் ஸ்டீம் டெக் என்ற லினக்ஸ் கையடக்கக் கருவியில் விண்டோஸ் கேம்கள் ஓடுவது இதனால்தான்.

இப்போது கணக்குப் பாருங்கள். நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி. காளை கிளம்புகிறது, காலடியில் புழுதி எழுகிறது. புழுதியின் ஷேடர் அதுவரை யாருக்கும் தேவைப்படவில்லை. அந்தக் கணத்தில்தான் இரண்டு படி மாற்றமும் நடக்க வேண்டும். அதற்கு 100 மில்லிநொடி பிடித்தால் ஆறு படங்கள் போய்விட்டன. திரை உறைந்து நிற்கும். பிறகு காளை நாலடி தள்ளித் தோன்றும். சமைத்த ஷேடர் வட்டில் சேமிக்கப்பட்டுவிடுவதால் அடுத்த தடவை தயக்கம் இருக்காது. வாசகர் பார்த்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். விண்டோஸிலும் இந்தத் தயக்கம் வருவதுண்டு.

ஸ்டோர் இந்த இடத்தில் ஒரு நல்ல காரியம் செய்ய முடியும். ஸ்டீம் டெக் போல ஒரே சில்லு கொண்ட கருவிகள் என்றால், ஒருவர் கருவியில் சமைத்த ஷேடர் இன்னொருவருக்கும் பொருந்தும். ஆகவே கேமோடு சேர்த்துச் சமைத்த ஷேடர்களையும் ஸ்டீம் அனுப்பிவிடுகிறது. வாங்கியவருக்கு முதல் ஓட்டத்திலேயே தயக்கம் பெரும்பாலும் தெரியாது.

மற்றபடி ஸ்டோர் என்பது சுங்கச்சாவடி. கேமுக்கு டிஜிட்டல் கையொப்பம் வாங்குகிறது. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் கையொப்பம் ஒத்துவராது என்பதால் வாங்குபவருக்குப் பாதுகாப்பு. அந்தச் சாவடியைத் தவிர வேறு பாதையே இல்லை என்றால்தான் தொல்லை. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 தன் ஸ்டோரோடு வந்தபோது அந்தப் பயம்தான் கிளம்பியது. கைப்பேசிகளில் இருக்கும் ஏஆர்எம் வகைச் சில்லுகளுக்கான விண்டோஸ் ஆர்டி என்ற பதிப்பில் ஸ்டோர் வழியாக மட்டுமே புது ஆப் போட முடிந்தது. அதற்குச் சில மாதம் முன்பே வால்வின் தலைவர் கேப் நியூவெல் விண்டோஸ் 8-ஐக் கணினித் துறைக்கே பேரழிவு என்று சொல்லிவிட்டு லினக்ஸ் பக்கம் திரும்பினார். அவருக்கும் சொந்தமாக ஸ்டோர் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. தன் கடைக்கு எதிரே சாவடி கட்டினால் யார்தான் சும்மா இருப்பார்? அந்த ஆண்டே வால்வ் தன் லெஃப்ட் 4 டெட் 2 கேமை லினக்ஸுக்கு மாற்றியது. முதல் முயற்சியில் நொடிக்கு 6 படம். திருத்தித் திருத்தி 315. அதே கணினியில் விண்டோஸ் 7-இல் 270.6.

புதுத் தளங்கள் ஆசை காட்டுவது புதிதல்ல. 2013-இல் பிளாக்பெர்ரி 10 என்ற கைப்பேசி இயங்குதளம் வந்தபோது, தரச்சான்று பெற்ற ஆப் முதல் ஆண்டில் 1,000 டாலர் சம்பாதித்தால் 10,000 டாலருக்குக் குறைவதை ஈடுகட்டுவதாக நிறுவனம் சொன்னது. ஆண்ட்ராய்டு ஆப்களை ஓட்டும் வசதியும் வைத்தது. 2022 ஜனவரி 4-இல் அந்தத் தளத்துக்கான சேவை நின்றது. ஐபிஎம்மின் ஓஎஸ்/2 என்ற கணினி இயங்குதளத்தின் கதை இன்னும் சுவையானது. 1992-இல் வந்த 2.0 பதிப்பு விண்டோஸ் நிரல்களை நன்றாகவே ஓட்டியது. அப்புறம் ஓஎஸ்/2-வுக்கென்று தனியாக யார் எழுதுவார்கள்? பெயர்ப் பலகை மாற்றும் தந்திரம் இயங்குதளத்துக்கு ஆபத்தாகவும் முடியலாம். கேம் செய்பவருக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. விண்டோஸ் கோப்பு கையில் இருக்கிறது. அங்கே போகாவிட்டால் இன்னொரு இடம்.

ஆகவே காவேரிப்பட்டினத்து நண்பருக்கு: போங்கள். தனியாக லினக்ஸ் பதிப்பு செய்து மாதங்களைச் செலவழிக்க வேண்டாம், விண்டோஸ் கோப்பையே கொடுங்கள். எங்கள் ஸ்டோரில் மட்டும்தான் விற்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். பல ஸ்டோர்கள் நூற்றுக்கு முப்பது எடுக்கின்றன. எபிக் என்ற கேம் ஸ்டோர் 2018-இல் பன்னிரண்டுக்கு இறங்கியது, விண்டோஸ் ஸ்டோரும் 2021-இல் கணினி கேம்களுக்கு அதே பன்னிரண்டுக்கு வந்தது. புதுக் கடை முப்பது கேட்டால் பேரம் பேச இடமிருக்கிறது. பலர் சேர்ந்து ஆடும் வகைக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் ஒரு கவனம் வேண்டும். ஏமாற்றைத் தடுக்கும் சில மென்பொருள்கள் விண்டோஸின் கெர்னல் என்ற மையப் பகுதிக்குள் உட்காரும், அங்கே பலகை மாற்றும் வித்தை செல்லாது.

வெளியீட்டுக்கு நல்ல நேரம் பார்த்துத் தரும்படி அம்மா சொல்வதாகவும் எழுதியிருக்கிறார். நீங்கள் ராகு காலம் தவிர்த்துப் பொத்தானை அழுத்தினாலும் ஸ்டோர்க்காரர்கள் சரிபார்க்க நாள்கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். திங்கட்கிழமை காலை ஏழரை மணி நம் ஊரில் வரும்போது அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஞாயிற்றுக்கிழமை. எந்த ஊர் ராகு காலம் என்று அம்மாவையே கேளுங்கள்.

அந்தத் தயக்கத்துக்கு மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது. கேமின் பெயர் தோன்றும் முதல் திரை இருக்கிறதல்லவா, அதன் பின்னால் யார் கண்ணிலும் படாத மூலையில் புழுதி, தோல், கொம்பு வண்ணம் எல்லாவற்றையும் ஒரே ஒரு படம் வரைந்துவிடுங்கள். ஷேடர்கள் அங்கேயே சமைந்துவிடும். பெயர்த் திரை அரை நொடி கூடுதலாக நின்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அப்படியே கோப்புப் பெயர்களை எல்லாம் சின்ன எழுத்துக்கு மாற்றிவிட்டு, சேமித்த ஷேடர்களை அழித்துவிட்டு, நண்பரின் கருவியில் காளையை மறுபடி முதல் தடவையாக அவிழ்த்துவிட்டுப் பாருங்கள்.