முதுமையில் மறதி: காதின் பங்கும் மூளையின் வேகமும்

எழுபது வயதைக் கடந்த ஒருவர், பலர் சேர்ந்து பேசிக்கொண்டிருக்கும் அறையில் சற்றுமுன் சொன்னதையே மீண்டும் கேட்டால், அவருக்கு நினைவு தடுமாறத் தொடங்கிவிட்டது என்று சுற்றியிருப்போர் எளிதில் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு பல நேரங்களில் தவறாக இருப்பதோடு, அவருக்குக் கிடைக்க வேண்டிய உதவியையும் தள்ளிப்போடுகிறது. நினைவில் தங்காததற்குக் காரணம், அந்தச் சொற்கள் முழுமையாக மூளையைச் சென்றடையாததாகவே இருக்கலாம்.

உட்செவியில் நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும் குழலுக்குள் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. ஒலியின் அதிர்வை நரம்புச் சமிக்ஞையாக மாற்றும் இந்தச் செல்கள் மனிதரிடம் ஒருமுறை அழிந்தால் மீண்டும் தோன்றுவதில்லை. உயர் அதிர்வெண் ஒலிகளை உணரும் செல்கள் குழலின் நுழைவாய்ப் பகுதியில் அமைந்திருக்கின்றன. வயது ஏறும்போது பெரும்பாலும் அவையே முதலில் பழுதடைகின்றன. பேச்சின் உரத்த பகுதியான உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அவை தொடர்ந்து கேட்கின்றன. ஆனால் ஒரு மெய்யொலியை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் நுண்கூறுகளில் பல உயர் அதிர்வெண்களில் இருக்கின்றன. இதனால்தான் முதியோர் பலர் “பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறீர்கள் என்பதுதான் விளங்கவில்லை” என்கிறார்கள். அவர்களிடம் கத்திப் பேசுவதால் பெரிய பயன் இல்லை, ஏனெனில் ஏற்கெனவே கேட்கும் உயிரொலிகளே மேலும் உரக்கக் கேட்கும். முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசுவது பெரிதும் உதவும்.

விடுபட்ட ஒலிகளை மூளை சும்மா விட்டுவிடுவதில்லை. முன்பின் சொற்களையும் பேசுபவரின் உதட்டசைவையும் கொண்டு ஊகித்து நிரப்புகிறது. இந்த வேலையைச் செய்வது, கேட்டதைச் சில நொடிகள் மனத்தில் வைத்துக் கையாளும் செயல்நினைவு என்னும் திறன். அதன் கொள்ளளவு எந்த வயதிலும் மிகக் குறைவு. அதன் பெரும்பகுதி ஊகத்திலேயே செலவாகிவிட்டால், கேட்டதை நினைவில் பதித்துக்கொள்ள மிஞ்சுவது சொற்பமே. கண்ணிலும் இதேபோன்ற குறைவு நேர்கிறது: கண்மணி சுருங்குவதாலும் வில்லை மஞ்சளிப்பதாலும், 60 வயதில் விழித்திரையை அடையும் ஒளி 20 வயதில் அடைவதில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும்.

புலன்களின் குறைவோடு மூளையின் வேகக் குறைவும் சேர்ந்துகொள்கிறது. முதுமையில் மூளைச் செல்கள் பெருமளவில் மடிகின்றன என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. கவனமாக எண்ணிப் பார்த்த பிற்கால ஆய்வுகள், நோயற்ற முதுமையில் அந்த இழப்பு சிறிதே என்று காட்டின. உண்மையில் பெரிதும் மாறுவது செல்களுக்கு இடையிலான இணைப்புகளும், நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் கொழுப்புறையும்தான். அந்த உறை சிதையும் இடங்களில் சமிக்ஞை மெதுவாகச் செல்கிறது. உளவியலாளர் டிமோத்தி சால்ட்ஹவுஸ் 1996-இல் முன்வைத்த விளக்கம் இங்கே முக்கியமானது: ஒரு சிந்தனையின் முதற்படி முடியத் தாமதமானால் அடுத்த படிக்கு நேரம் போதாமல் போகிறது, அடுத்த படி முடிவதற்குள் முதற்படியின் விளைவு மனத்திலிருந்து நழுவியும்விடலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மறதியாகத் தெரிகிறது.

ஆனால் எல்லாத் திறன்களும் ஒன்றாகச் சரிவதில்லை. புதிய சிக்கலை விரைந்து தீர்க்கும் ஆற்றலையும், சொல்வளம், துறையறிவு போன்ற திரண்ட அறிவையும் உளவியலாளர்கள் ரேமண்ட் கேட்டலும் ஜான் ஹார்னும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினர். முன்னது இளமைக்குப் பின் மெல்லக் குறைகிறது; பின்னது அறுபதுகளிலும் அதற்குப் பின்னும் நிலைத்திருக்கிறது. சரிவு எப்போது தொடங்குகிறது என்பதிலும் பழைய கணிப்புகள் பிழைபட்டிருந்தன. ஒரே நாளில் இளைஞரையும் முதியவரையும் சோதித்து ஒப்பிட்டால், அவர்களின் பள்ளிக் கல்வியில் இருந்த வேறுபாடும் வயதின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. உளவியலாளர் வார்னர் ஷாய் 1956-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடங்கிய ஆய்வு, அதே மனிதர்களை ஏழாண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சோதித்தது. 60 வயதுக்கு முன் பெரும்பாலான திறன்களில் குறிப்பிடத்தக்க சரிவு இல்லை என்பதும், ஒருவருக்கும் மற்றொருவருக்கும் இடையிலான வேறுபாடு மிகப் பெரிது என்பதும் அதில் தெரியவந்தன.

ஒரு பெயர் சட்டென்று வராமல் சற்று நேரம் கழித்து நினைவுக்கு வருவது முதுமையின் இயல்பு. பழகிய வழி தவறுவது, அன்றாடப் பணவரவு செலவைக் கையாள முடியாமல் போவது ஆகியவை மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ திடீரென்று வரும் குழப்பத்தை மட்டும் ஒருபோதும் வயதின் மேல் போட்டுவிடக் கூடாது. நோய்த்தொற்று, நீரிழப்பு, மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவை அதன் பின்னால் இருக்கலாம், இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. முதியோருக்குத் தாக உணர்வு மங்குவதால் நீரிழப்பு அவர்களே அறியாமல் நேரும்.

காதுக்குச் செய்யும் உதவி மூளைக்கும் பயன்படுமா என்று அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுக்கு உட்பட்ட 977 பேரிடம் மூன்றாண்டுகள் நடந்த சோதனையின் முடிவு 2023-இல் வெளியானது. செவித்துணைக் கருவியும் பயிற்சியும் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே, அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது, அறிவுத்திறன் சரிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் இதயநோய்க் காரணிகள் முதலியவற்றால் சரிவுக்கான அபாயம் கூடுதலாக இருந்த பிரிவினரில், கருவி பெற்றவர்களின் சரிவு 48 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆகவே, நினைவைப் பற்றிய கவலையோடு ஒரு முதியவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்பவர்கள், அவரது செவித்திறனையும் அதே வருகையில் சோதிக்குமாறு கேட்பது நல்லது.