‘கேஸ் கம்மியா இருக்கு’ என்றால், அது எங்கே போனது?

மார்ச் பிறந்தால் சேலத்தில் ஏசி மெக்கானிக்குகளின் போன் ஓயாது. ரூம் குளிரவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “கேஸ் கம்மியா இருக்கு, டாப்-அப் பண்ணிடலாம்.”

ஏசி கேஸ் ஓடி ஓடித் தீர்ந்துபோகும் சரக்கு அல்ல. கம்ப்ரஸர், இரண்டு காயில், காப்பர் பைப் எல்லாம் சேர்ந்த மூடிய சுற்றுக்குள் அதே கேஸ்தான் ஆவியாகவும் திரவமாகவும் மாறிக்கொண்டு வருஷக்கணக்காகச் சுற்றுகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது. கசிவை அடைக்காமல் நிரப்பினால், நிரப்பியதும் அதே வழியில் போகும்.

போன கேஸ் என்ன செய்யும் என்பது அதன் வகையைப் பொறுத்தது. பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22-இல் குளோரின் உண்டு. அது மேல் வளிமண்டலத்தை எட்டியதும் புற ஊதாக் கதிர் குளோரினைப் பிரித்துவிடும். பிரிந்த ஒரு குளோரின் அணு பல்லாயிரம் ஓசோன் மூலக்கூறுகளை உடைக்கும். இப்படிக் குளோரின் ஓசோனை அழிக்கும் என்று 1974-இல் வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் எச்சரித்தார்கள். 1985-இல் அண்டார்டிகாவுக்கு மேல் ஓசோன் துளை இருப்பது வெளியானது. ஓசோனை அழிக்கும் பொருட்களைக் கைவிட 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. அதன்படி இந்தியா 2030-க்குள் ஆர்-22-ஐ ஏறக்குறைய முழுதாகக் கைவிட வேண்டும்.

புது ஏசிகளின் ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டிலும் குளோரின் இல்லை. ‘ஓசோனுக்குப் பாதுகாப்பானது’ என்ற ஸ்டிக்கர் உண்மையே. ஆனால் பூமி சூடாவது வேறு கணக்கு. ஒரு கிலோ கரியமில வாயு 100 ஆண்டில் தரும் வெப்பத்தை 1 என்று வைத்தால் ஆர்-22 சுமார் 1,810, ஆர்-32 675, ஆர்-410ஏ 2,088. ஓசோனைத் தொடாத ஆர்-410ஏ, வெப்பமேற்றுவதில் ஆர்-22-ஐயே மிஞ்சுகிறது! இவற்றையும் குறைக்கத்தான் 2016-இல் மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குக் கிகாலித் திருத்தம் வந்தது.

வீட்டுக் கணக்காகப் பார்ப்போம். ஒன்றரை டன் ஏசி ஒரு கோடையில் 800 யூனிட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு 0.7 கிலோ என்றால் மின் நிலையத்தில் வெளியாகும் கரியமில வாயு 560 கிலோ. ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால் 1,810 கிலோவுக்குச் சமம். மூன்று கோடையின் கரண்ட், ஒரு கசிவில்.

முதலில் கேஸ் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபில்டர் அடைத்திருந்தாலும், அவுட்டோர் காயிலில் தூசி அப்பியிருந்தாலும் குளிராது. சேலத்தில் மேக்னசைட் என்ற வெள்ளைத் தாது எடுக்கும் சுரங்கங்களை ஒட்டிய பகுதிகளில் வெள்ளைத் தூசி அதிகம். கழுவினாலே சரியாகிவிடும் ஏசிக்குக் கேஸ் ஏற்றினால் கம்ப்ரஸருக்குத்தான் கேடு.

கசிவு இருந்தால், மிச்ச கேஸை ரெக்கவரி மெஷினால் சிலிண்டருக்கு எடுத்துவிட்டு, உலர் நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். ஆர்-22-க்கு 250 முதல் 300 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டவே கூடாது. உள்ளே இருக்கும் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். நுரை பொங்கும் இடம் பெரும்பாலும் ஃபிளேர் நட், அதாவது வாய் விரித்த பைப்பை யூனிட்டோடு இணைக்கும் நட்தான். பிசிறு எடுக்காமல் விரித்த பைப், அளவுக்கு மீறி முறுக்கியதில் விரிசல் விட்ட வாய், இரண்டும் வழக்கமான காரணங்கள். கால் அங்குல நட்டுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும்.

ராத்திரி முழுக்க நைட்ரஜனை நிறுத்தி வைத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாயங்காலம் 38 டிகிரி, விடிகாலை 26 டிகிரி என்றால் குளிர்ச்சியிலேயே 300 பி.எஸ்.ஐ.யிலிருந்து 12 பி.எஸ்.ஐ. வரை குறையும். அதைக் கசிவென்று எண்ணிப் பைப்பை வெட்டக் கூடாது.

பிறகு வேக்குவம்: பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப்பால் உறிஞ்சி எடுப்பது. சாதாரண கேஜ் முள் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் காட்டும். சேலத்தில் முழு வேக்குவத்துக்கு 29 அங்குலம் (பாதரச அளவு) காட்டும் முள், சுமார் 1,500 மீட்டர் உயர ஏற்காட்டில் 25-இலேயே நின்றுவிடும். மேலே காற்றழுத்தம் குறைவு, அவ்வளவுதான்; பம்ப்பைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. மலையில் வேலை என்றால், வெளிக்காற்றோடு ஒப்பிடாமல் உள்ளே மிஞ்சிய அழுத்தத்தையே காட்டும் மைக்ரான் கேஜ் கொண்டுபோக வேண்டும். 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, வால்வை மூடிப் பத்து நிமிஷம் பாருங்கள். கொஞ்சம் ஏறி நின்றால் ஈரம்; நிற்காமல் ஏறினால் இன்னும் கசிவு இருக்கிறது. அதன்பின் அவுட்டோர் யூனிட் பிளேட்டில் எழுதியிருக்கும் கிராம் அளவைத் தராசில் வைத்து ஏற்ற வேண்டும். பிரஷர் பார்த்து ஏற்றுவது குத்துமதிப்புதான்.

கேஸ் வீணாகும் இன்னொரு தருணம் வீடு மாற்றும்போது. நட்டைத் தளர்த்தி ‘புஸ்’ என்று விட்டுவிட்டுப் புது வீட்டில் கேஸுக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். பம்ப்-டவுன் செய்யச் சொல்லுங்கள். கூலிங்கில் ஓடும்போதே சிறிய பைப்பின் வால்வை ஆலன் கீயால் மூடினால் கேஸ் அவுட்டோர் யூனிட்டுக்குள் சேர்ந்துவிடும். கேஜ் பூஜ்யத்தை நெருங்கும்போது பெரிய வால்வையும் மூடி உடனே மெயினை அணைக்க வேண்டும். முள் பூஜ்யத்துக்குக் கீழே போகவிட்டால், பைப் எங்காவது திறந்திருக்கும் பட்சத்தில் காற்று உள்ளே புகும். காற்றும் ஆயிலும் அழுந்திக் கம்ப்ரஸர் வெடித்த விபத்துகள் உண்டு.