குழாயின் முனையை மட்டும் பார்த்தால் போதாது

இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது: "சார், சென்ட்ரல் லைன் போட்டாயிற்று. எக்ஸ்ரே அனுப்பியிருக்கிறேன். முனை சரியாக இருக்கிறதா?" பதில் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

கழுத்திலோ, காறை எலும்புக்குக் கீழோ, கையிலோ உள்ள சிரை வழியாக, இதயத்தை ஒட்டிய மேற்பெருஞ்சிரை வரை செலுத்தப்படும் மெல்லிய குழாய்தான் சென்ட்ரல் லைன். சிறிய சிரைகளைப் புண்ணாக்கிவிடும் மருந்துகளைச் செலுத்தவும், டயாலிசிஸ் செய்யவும் இது வேண்டும். 1929இல் ஜெர்மானிய மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மான் தன் கைச் சிரையில் தானே ஒரு குழாயைச் செலுத்திக்கொண்டு, அதோடு எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனார். குழாய் இதயத்தை எட்டியதற்கு அந்தப் படமே சாட்சி. 1956இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். படம் இல்லாவிட்டால் அவர் சொன்னதை யார் நம்பியிருப்பார்கள்?

என் கதைக்கு வருகிறேன். கழுத்து வழியாகக் குழாய் போடப்பட்ட ஒரு நோயாளியின் படத்தைப் பார்த்தேன். முனை சரியான இடத்தில் இருந்தது. ஊசி நுரையீரலைக் குத்தி அதைச் சுற்றிக் காற்று சேர்ந்திருக்கவும் இல்லை. அப்படியே எழுதிவிட்டேன். மூன்றாம் நாள், காய்ச்சலுக்காக எடுத்த இன்னொரு படத்தோடு என் சக மருத்துவர் வந்தார். "குழாய் இங்கே முடிந்துவிடுகிறது. அப்படியானால் கீழே போகும் இந்தக் கோடு என்ன?" என்று கேட்டார். மெல்லிய, பளிச்சென்ற ஒரு கோடு இதயத்தின் நிழலைத் தாண்டி உதரவிதானத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. குழாயைச் செலுத்த உதவும் கைடு வயர் அது. வெளியே எடுக்கப்படாமல் உள்ளேயே தங்கிவிட்டது. முதல் படத்தைத் தேடி எடுத்தேன். அதிலும் இருந்தது. மார்பின் மேல் கிடக்கும் மானிட்டர் வயர் என்று என் கண் அதை ஒதுக்கிவிட்டிருந்தது. தொடைச் சிரை வழியாகச் சுருக்குக் கண்ணி ஒன்றை அனுப்பி, கம்பியை வெளியே எடுத்தார்கள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் பல நாள் தூக்கம் போயிற்று.

அன்றிலிருந்து குழாய் தோலுக்குள் நுழையும் இடத்தில் விரலை வைத்து, திரையில் அதன் வழி முழுவதையும் தடவிக்கொண்டே போவது என் வழக்கம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே குழாய் நசுங்கியிருந்தால் அங்கேதான் தெரியும். நாளடைவில் அது அந்த இடத்தில் முறிந்து, துண்டு இதயத்துக்குள் போய்விடலாம். இடப்பக்கத்திலிருந்து வரும் குழாயின் முனை மேற்பெருஞ்சிரையின் வலப்பக்கச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறதா, சுவருக்கு இணையாகக் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பேன். முட்டும் முனை சுவரை அரித்துத் துளைத்துவிடக்கூடும். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம் நல்ல அடையாளம்: மேற்பெருஞ்சிரை இதயத்தில் சேரும் இடம் அதற்கு ஏறக்குறைய இரண்டு முதுகெலும்புகள் கீழே இருக்கிறது.

படுத்த நிலையில் எடுக்கும் படத்தில் நுரையீரலின் உச்சியில் மட்டும் காற்றைத் தேடுகிறவர்கள் ஏமாறுவார்கள். மல்லாந்து படுத்தவருக்குக் காற்று முன்பக்கமாகக் கீழே சேரும். விலாவுக்கும் உதரவிதானத்துக்கும் இடையிலான மூலை வழக்கத்தைவிட ஆழமாகவும் கறுப்பாகவும் தெரியும். சந்தேகம் இருந்தால் படுக்கையருகிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்து, நுரையீரல் மார்புச் சுவரோடு உரசி நகர்கிறதா என்று பார்த்துவிடலாம். குழாய் தமனியில் போய்விட்டதோ என்ற ஐயத்தை ஒற்றை எக்ஸ்ரேயை வைத்துத் தீர்க்கவே முயலாதீர்கள். தமனியும் சிரையும் படத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழும். குழாயில் அழுத்தத்தை அளந்து பாருங்கள், இல்லையென்றால் சி.டி. ஸ்கேன் எடுங்கள்.

இன்னொன்று: எக்ஸ்ரே காட்டுவது, எடுத்த அந்த நொடியை மட்டுமே. கையை மடக்கினாலும் நீட்டினாலும் கை வழியாகப் போட்ட குழாயின் முனை இடம் மாறும். கடும் இருமலும் வாந்தியும் அதை வேறு சிரைக்குள்ளேயே தள்ளிவிடலாம். அதனால் கை வீங்கினாலோ, மருந்து செலுத்தும்போது வலித்தாலோ, குழாயிலிருந்து ரத்தம் திரும்ப வராவிட்டாலோ, "போட்ட அன்றே படம் எடுத்தாயிற்றே" என்று இருந்துவிடாமல் மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள்.

கீமோதெரபிக்காகக் கையில் குழாய் போட்டிருந்த ஒரு பெண், "தண்ணீர் ஏற்றும்போது காதுக்குள் சலசலவென்று கேட்கிறது" என்றார். முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செவிலியர் ஒருவர்தான் விடாப்பிடியாக எக்ஸ்ரேக்கு அனுப்பி வைத்தார். இரண்டு வாரங்களுக்கு முன் எடுத்த படத்தில் முனை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. இப்போதோ கையிலிருந்து வந்த குழாய், மார்புக்குள் இறங்க வேண்டிய இடத்தில் மேலே திரும்பிக் கழுத்துச் சிரைக்குள் ஏறி, தாடைக்கு அருகில் நின்றிருந்தது.